நாட்டின் ஒரே இளைஞர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் பெயர் ‘இளைஞர்’. முன்பல் ஒன்று விழுந்து, முழங்காலில் பட்டை மாட்டிக்கொண்டு, நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிற மனிதர் அவர். அவரைக் கண்டதும் டீக்கடைக்காரர், “இளைஞர் வர்றார், வழி விடுங்கப்பா” என்று குரல் கொடுப்பார். வெறும் கிண்டல் என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்கத்தின் கணக்கில் நிஜமாகவே அவர்தான் இந்த நாட்டின் இளைஞர். வேறு ஆள் கிடையாது.

எல்லாம் ஒரு லிஃப்டால் வந்த வினை. தேசத்துக்கான எந்த முடிவையும் இளைஞர் ஒருவராவது உட்காராமல் எடுக்கக்கூடாது என்று அப்போதுதான் புதுக் கொள்கை வந்திருந்தது. நல்ல கொள்கைதான், நான் குறை சொல்ல மாட்டேன். முதல் கூட்டத்துக்குப் பெரியவர்கள் அத்தனை பேரும் சால்வை சகிதம் வந்து சேர்ந்தார்கள். ஓர் இளைஞரை வரவழைக்க வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அன்று அந்தக் கட்டடத்தில் முப்பது வயதுக்குக் கீழே இருந்த ஒரே ஜீவன் அத்தான்தான். லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடி மோட்டார் அறையில் தேய்ந்துபோன பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தவரைச் செயலாளர் மூச்சிரைக்க வந்து பிடித்தார். “தம்பி, ஒரு பத்து நிமிஷம் கீழ வந்து சும்மா உக்காருங்க.” கை முழுக்க கிரீஸ். நாற்காலியில் செய்தித்தாளை விரித்து உட்கார வைத்தார்கள். அந்தப் பத்து நிமிஷம் ஆரம்பித்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது.

அவரை ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். அடுத்த இளைஞரை இப்போதைய இளைஞர்தான் முன்மொழிய வேண்டும் என்பது விதி. இளைஞர் வாய் திறப்பது நிகழ்ச்சி நிரலின் கடைசியில், ‘இளைஞர் குரல்’ என்ற இடத்தில் மட்டும். அதற்குள் சாப்பாட்டு வண்டி வந்துவிடும். “இளைஞர் குரலை அடுத்த கூட்டத்தில் அவசியம் கேட்போம்” என்பார் தலைவர். எல்லோரும் கை தட்டுவார்கள். அத்தானும் தட்டுவார். அவர் மறுத்து எதுவும் சொல்லாததால் எல்லா முடிவுக்கும் இளைஞர் சமுதாயம் ஒப்புதல் தந்ததாக அர்த்தம். போட்டோ எடுக்கிற நாளில் மட்டும், தலைக்கு மை பூசி அனுப்பச் சொல்லி அக்காவுக்குப் போன் வரும். அவரும் சாதுவாகத் தலையைக் காட்டிக்கொண்டு உட்காருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா மகளுக்குப் பத்தொன்பது வயது. பகலில் மருந்துக்கடையில் வேலை, சாயந்திரம் ரத்தப் பரிசோதனைப் படிப்பு. பகல் வேலையை விட்டால் வீடு ஓடாது, சாயந்திர வகுப்பை விட்டால் படிப்பு இல்லை. ஒருநாள் நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பையை வீசி எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“சாயந்திர வகுப்பெல்லாம் மூடறாங்க மாமா. இளைஞர்கள் களைச்சுப் போயிடறாங்களாம். ஓய்வு வேணுமாம். இளைஞர்களே ஒத்துக்கிட்டாங்களாம்!”

“எந்த இளைஞர்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

எல்லோரும் அத்தானைப் பார்த்தோம். அவர் வாயில் வைத்த கவளத்தை விழுங்கவில்லை.

“அப்பா, நீங்க அங்க இருந்தீங்களா?”

“இருந்தேன்மா.”

“என்னப்பா பண்ணிட்டிருந்தீங்க?”

“லிஃப்ட் சத்தம் ஒரு மாதிரியா கேட்டுச்சு. பேரிங் போயிருக்கும்னு யோசிச்சிட்டிருந்தேன்.”

அவள் அழுதிருந்தால் தேவலை. அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அத்தானுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவளையும் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். தலைவர் தொண்டையைச் செருமுவதற்குள் எழுந்து நின்றார்.

“ஐயா, நான் இளைஞன் இல்லீங்க. எனக்கு நாப்பத்தாறு. இது என் பொண்ணு. இதை உக்கார வைங்க.”

ஒரு பெரியவர் தூக்கம் கலைந்து “ஒப்புதல்” என்றார். சட்ட அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. இவர் இளைஞர் இல்லையென்றால் இத்தனை வருஷம் எடுத்த முடிவெல்லாம் செல்லாது. ஆற்றுப்பாலம் செல்லாது. தலைவரின் நியமனமே செல்லாது. பாலத்தின் மேல் அந்த நேரம் யார் யார் போய்க்கொண்டிருந்தார்களோ!

தலைவர் கெட்டிக்காரர். இளமை என்பது இனி முப்பத்தைந்தில் தொடங்கி ஐம்பதில் முடியும், முடிகிற வயது மட்டும் முன்தேதியிட்டுச் செல்லும் என்று அந்த இடத்திலேயே தீர்மானம் போட்டார். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் முறை கடைசியில்தான் என்று உட்கார வைத்தார்கள்.

“அப்ப நான் யாரு?” என்றாள் அக்கா மகள்.

“நீ குழந்தைம்மா” என்றார் சட்ட அதிகாரி, கனிவாக.

அவள் என் அக்கா பெற்ற பெண். விடுவாளா? “மூடச் சொன்னது இளைஞர்களோட வகுப்பைத்தானே? குழந்தைங்க வகுப்பை யாரும் மூடச் சொல்லலையே?”

சட்ட அதிகாரி ஆணையை இரண்டு முறை படித்தார். வாசலில் சாப்பாட்டு வண்டியின் சத்தம் கேட்டது. “சரி, நடக்கட்டும்” என்றார் தலைவர் அவசரமாக. “ஆனா குழந்தைங்க இருட்டுற நேரத்துல தனியா இருக்கக்கூடாது. பெத்தவங்க ஒருத்தர் பக்கத்துலயே உக்காரணும்.”

அக்காவுக்கு மாலை ஷிஃப்ட். ஆகவே அத்தான் தினமும் மகளுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். வகுப்பைப் போய்ப் பார்த்தேன். குழந்தைகளும் அம்மா அப்பாக்களுமாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மீசை வைத்த குழந்தை ஒன்று, மடியில் தன் கைக்குழந்தையும் பக்கத்தில் தன் அம்மாவுமாக ரத்த அணுக்களைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது.

இதற்கிடையே, மதியத் தூக்கம் கெடுகிறதென்று பெரியவர்கள் கூட்டத்தைச் சாயந்திரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். இளைஞர் இல்லாமல் தொடங்க முடியாதே! பரீட்சைக்கு முந்தின நாள், வகுப்பில் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது கல்லூரி வாசலில் அரசாங்கக் கார் வந்து ஹாரன் அடித்தது. அத்தான் எழுந்து போனால் மகளும் வெளியேற வேண்டும். அவர் அசையவில்லை. பிறகு தலைவரே போனில் வந்தாராம். நடந்ததை அக்கா மகள் என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டே அழுதாள்.

“என்னங்க இது, தேசமே காத்துக்கிட்டிருக்கு!”

“காத்திருக்கட்டும் சார்” என்றாராம் அத்தான். “இருபத்து மூணு வருஷமா நானும் அதைத்தானே பண்ணேன்.”

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “நீ எழுதும்மா” என்றாராம்.