மகன் சொல்லாத சொல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது ஐந்து. தாயை இழந்த பேத்தி ஷைனியையும் சேர்த்தால் ஆறு. அந்த ஆறாவதிடம்தான் நான் பொய் சொன்னேன். அவள் அப்பன், என் இளைய மகன், சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னதாகச் சொன்னேன்.

ஷைனி மேல்படிப்புக்காக ஓராண்டு ஜெர்மனி போனாள். எங்கள் சபையில் அப்படிப் போன முதல் பெண். நான் விடுவேனா? ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். போதகர் அவள் பெயரை ஆராதனையில் வாசித்தார். வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுத் தங்கம், "ஏட்டி, இனி ஒன்ன பிடிச்சா கிட்டாதே!" என்றாள். உண்மைதான்... அப்படி ஒரு நெஞ்சு நிமிர்வு!

அந்த வாரமே போன் வந்தது.

"பாட்டி, எனக்கு முடியல்ல. மிண்டிப் பேசதுக்கு ஒரு ஆளில்ல. பாடமும் தலையில கேறல்ல. நான் திரும்பி வரட்டா? அப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேனா? இல்லை. மகன் பின்கட்டில் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தான், கூப்பிடு தூரம். கேட்டால் "பிள்ள வந்துரட்டும்மா" என்பான். அது தெரிந்ததால்தான் கேட்கவில்லை! ஞாயிற்றுக்கிழமை தங்கத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

"கேட்டுட்டேன் மக்கா. படிப்ப விட்டுட்டு வந்தா நம்ம வீட்டு நடை கேறாண்டாம்னுட்டான்" என்றேன்.

அவள் அழவில்லை. போனை வைத்துவிட்டாள்.

முழுதும் படித்து முடித்து, நேற்று பட்டத்தோடு வந்துவிட்டாள். என் பொய்தான் அவளைப் படிக்கவைத்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்... அது நியாயமா, நீங்களே சொல்லுங்கள். அன்று முதல் அவள் அப்பனோடு பேசுவதில்லை. விமான நிலையத்தில் பெட்டியை வாங்கக் கை நீட்டினானாம், கொடுக்கவில்லை.

"அம்மா, பிள்ள எனக்ககூட ஏன் மிண்ட மாட்டேங்கா? நான் என்ன செய்தேன்?" என்று இன்று காலையில் கேட்டான். வாய் திறந்தேன்... சொல் வரவில்லை. அதனால்தான், மூன்றாம் வகுப்போடு நின்றுபோன இந்தக் கையால் எழுதுகிறேன்.

அவளுக்குப் பிடித்த நெத்திலி வாங்க அவன் கருங்கல் சந்தைக்குப் போயிருக்கிறான். திறந்து கிடக்கும் அவள் பெட்டியில், தலையில் மாட்டும் விளக்கு ஒன்றைப் பார்த்தேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் விடியுமுன் இருட்டில் ரப்பர் பால் வெட்டப் போகிறவன் ஒருவன்தானே! அவள் கொண்டுவந்திருக்கிறாள். கொடுக்கத்தான் வழியில்லை... வழியை அடைத்தவள் நான்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது.

"ஏட்டி ஷைனி, இங்க வா. எனக்க எழுத்து எனக்கே தெளியல்ல. இத முதல்லேருந்து வாசி மக்கா. சத்தமா வாசி... அப்பன் உள்ள வந்தாலும் நிறுத்தாண்டாம்."