கறுப்புக் கல் வாசற்படி

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி. மறதி நோயாளிகளின் வார்டை வீடு போல மாற்றப் போகிறோம், நீங்களும் யோசனை சொல்லுங்கள் என்று உறவினர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். என் அக்கா அங்கேதான் இருந்தாள். வலங்கைமான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது சில நாள் என்னைத் தம்பி என்பாள், சில நாள் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பாள்.

வழுக்காத தரை, சுவரோரம் கைப்பிடி, பூப்போட்ட திரை. எல்லாம் நன்றாகவே வந்தது. வாசற்படி மட்டும் கூடாது, கால் தடுக்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கட்டட வேலையை எடுத்திருந்த இன்ஜினீயருக்கு மனசு ஆறவில்லை.

“வாசப்படி இல்லாதது வீடாங்க? மஞ்சள் குங்குமம் வைக்க ஒரு இடம் வேணாமா?”

தரையோடு தரையாக, மேடு பள்ளமில்லாமல், ஒவ்வொரு வாசலிலும் ஒரு பட்டை கறுப்புக் கல் பதித்தார். திறப்பு விழாவன்று அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். விரலால் தடவிப் பார்த்தேன், இணைப்பே தெரியவில்லை. எங்களுக்கெல்லாம் பெருமை.

மஞ்சளைத் துடைத்ததும் கல் கறுத்து மின்னியது. அக்கா அதன் முன்னே நின்றுவிட்டாள்.

“வாய்க்கால்ல தண்ணி கறுத்து ஓடுதுடா. ஆழம் இருக்கும்.”

“கல்லுக்கா அது.”

“நீ எறங்கிப் பாத்தியா?” அதே கணக்கு டீச்சர் குரல்.

பக்கத்தில் அதிராம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர், அவரும் நோயாளி. மீசையை நீவிக்கொண்டு சிரித்தார்.

“கடலையே தாண்டிச் சம்பாதிச்சவன் நான். இதெல்லாம் எனக்கு ஜுஜுபி.”

“அப்ப தாண்டுங்களேன், பாய்.”

“நீங்க முதல்ல போங்க, டீச்சர்.”

இருவருமே தாண்டவில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்திருந்த சமயம் அது. வழியெல்லாம் நடவு வயல்கள் வானத்தை வாங்கி வைத்திருந்தன. ஊரே காத்திருந்து வரவேற்ற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வருவேன். வந்தால், ஒரு சொட்டு ஈரமில்லாத தண்ணீருக்கு என் அக்கா நடுங்கிக்கொண்டிருப்பாள்.

குளியலறை வாசலிலும் அதே கல். போகப் பயந்து அடக்குவாள், அடக்கி அடக்கிக் கடைசியில் புடவையிலேயே போய்விடும். நர்ஸ் மாற்றிவிடும்போது சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “கிளாஸ் பிள்ளைங்க கிட்ட சொல்லிடாதீங்க” என்றாள்.

இன்ஜினீயரிடம் ஓடினேன். வந்து பார்த்தார். அக்கா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பதுபோல் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. “எடுத்துடறேங்க” என்றார். அறை வாசல்களிலும் குளியலறையிலும் கல்லைப் பெயர்த்து, தரையின் நிறத்திலேயே ஓடு பதித்தார்கள். அக்கா மறுபடி தானாகக் குளியலறைக்குப் போனாள். எனக்கு அழுகை வந்தது.

வார்டின் வெளிவாசல் கல் மட்டும் மிச்சம். நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அதை விட்டுடலாங்களா, சார்? முன்னாடி ஒருத்தர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டாரு. பூட்டினா கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிடுது. இது இருந்தா யாரும் கிட்டயே போறதில்ல.”

“பயமுறுத்தி நிறுத்தறதுதானே, சிஸ்டர்?”

“ரோட்டுல லாரி போகுது, சார். நான் ஒருத்தி எத்தனை பேரைப் பாப்பேன்?”

சரி என்று தலையாட்டினேன். கல் அங்கேயே இருக்கிறது.

போன வாரம் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா கல்லுக்கு உட்புறம் நின்றிருந்தாள். நான் யோசிக்காமல் மிதித்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் என் காலையே பார்த்தாள்.

“எப்படிடா வந்த? காலு நனையலையே!”

அன்று நான் தம்பி. முகமெல்லாம் சந்தோஷம். கையை நீட்டினாள்.

“வழி உனக்குத் தெரியுது. என்னையும் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ.”

நாற்காலியிலிருந்து நர்ஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கையைப் பிடித்து, மெல்ல உள்பக்கம் திருப்பினேன்.

“தண்ணி வடியட்டும்க்கா” என்றேன்.