ஏழு வருஷத் தென்னை, ஒரு காலைப் படம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே இருந்து பார்த்த முதல் ஆள் நான். படிப்பு முடிந்ததும் போர்ட் பிளேரில் ஒரு சிறிய அலுவலகத்தில், செய்திப்படத்துக்குத் தமிழ் வர்ணனை எழுதும் வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. படம் முடிந்து மேலதிகாரி ஒப்புக்கொண்டால் நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். சிப்பிகாட் கிராமத்துக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பில் வேலை பார்த்த என் அப்பா, இந்தப் பின்பாதியை யாரிடமும் சொல்லவில்லை. "எம்மக ஆபீஸ்ல இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நானும் திருத்தவில்லை.

படம் ஒரு தென்னையைப் பற்றியது. விதைத் தேங்காய் முளைப்பதிலிருந்து முதல் காய் வெட்டும் வரை, அப்பா வேலை பார்த்த தோப்பிலேயே ஒரே கன்றை, ஒரே இடத்தில் நின்று, மாதம் ஒருமுறை எடுக்க வேண்டும். நான் சேர்ந்தபோது ஏழாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை எடுத்ததை ஓட்டிப் பார்த்தேன்.

முதல் மாதம் கன்று இருந்தது. இரண்டாம் மாதமும் இருந்தது. மூன்றாம் மாதம் கன்றின் மேல் ஒரு மனித நிழல் விழுந்தது. நான்காம் மாதம் நிழல் மட்டும் இருந்தது. அதன் பின் சேற்றில் ஒற்றைச் செருப்புத் தடம், ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் ஆளில்லாத பெட்டி ஒன்று, தானாகத் திறக்கும் கதவு. எதற்கும் முடிவு இல்லை.

டைரக்டர் மெட்ராஸ்காரர். எப்போதும் தணிந்த குரல். டீ கேட்டால்கூட ரகசியம் சொல்வதுபோல் இருக்கும்.

"கன்னு எங்கே சார்?" என்று கேட்டேன்.

"விதைச்சா முளைக்கும், வளரும், காய்க்கும். முதல் நாளே முடிவு தெரிஞ்சுபோச்சேம்மா. அதுல எடுக்க என்ன இருக்கு?"

"அந்தப் பெட்டிக் கதையாவது முடிச்சிருக்கலாமே."

"பெட்டியை வெச்சது யாருன்னு பாதியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எப்படி மனசு வரும்?"

அவர் மனைவி மெட்ராஸிலேயே தங்கிவிட்டதற்கான காரணத்தை நான் கேட்கவில்லை.

அந்த வாரம் தந்தி வந்தது. மேலதிகாரி அடுத்த கல்கத்தா கப்பலில் வருகிறார், படத்தைத் தோப்பிலேயே, தொழிலாளர்களோடு உட்கார்ந்து பார்க்க விரும்புகிறார். டைரக்டர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "இதை யார் அனுப்பியிருப்பாங்க?" என்றார். கீழே பெயர் இருந்தது.

வழி கண்டுபிடித்தது நான்தான். அந்தத் தோப்பில் அப்பாவும் கூட்டாளிகளும் வருஷத்துக்கு ஒரு வரிசை நட்டிருந்தார்கள். ஏழு வரிசை, ஏழு வயது. வரிசைக்கு ஒரு மரம் எடுத்தால் ஒரே காலையில் ஏழு வருஷம் முடிந்துவிடும். தென்னை எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும்? படித்தவளின் யோசனை அது.

டைரக்டர் மறுப்பார் என்று நினைத்தேன்.

"ஆள்மாறாட்டம்" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. விடியற்காலையிலேயே தோப்புக்கு வந்துவிட்டார். சாப்பாடு வேண்டாம் என்றார். அன்றே அலுவலக இருட்டறையில் சுருளைக் கழுவியும் விட்டார். நேர்மையான வேலையாக இருந்திருந்தால் அந்தப் படம் இன்றுவரை முடிந்திருக்காது.

மேலதிகாரி வந்தார். இருட்டியதும் இரண்டு மரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படத்தை ஓட்டினோம். நான் மைக்கில் வாசித்தேன்: "நம் கன்றுக்கு இப்போது மூன்று வயது."

"இது அது இல்லியே" என்றார் அப்பா, முன்வரிசையிலிருந்து. "இது ஓடைப் பக்கத்து மரம். குருத்துல வண்டு விழுந்து நாந்தான் கம்பி விட்டு எடுத்தேன். மட்டை வெட்டுப்பட்டு நிக்குது பாரு."

"அரே பாயி, அடுத்தது கிணத்தடி மரம்" என்றார் பக்கத்திலிருந்தவர். "குடிச்ச சம்பந்தி மாதிரி சாஞ்சு நிக்குது."

தோப்பே சிரித்தது. தமிழ் தெரியாத மேலதிகாரி என் பக்கம் திரும்பினார். "அந்தப் பெரியவர் என்ன சொல்கிறார்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

படம் நன்றாக இருக்கிறதாம் என்று சொன்னால் வேலை நிலைக்கும். டைரக்டர் புரொஜக்டருக்குப் பின்னாலிருந்து, உண்மையைச் சொல்லிவிடாதே என்பதுபோல் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஆனால் அப்பா சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அவர் கை வைத்த மரத்தைப் பற்றி அவர் வாயில் பொய்யை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அவர் என் அப்பா" என்று ஹிந்தியில் சொன்னேன். "ஏழு வயதும் ஏழு வெவ்வேறு மரம் என்கிறார். உண்மைதான். யோசனை என்னுடையது."

மேலதிகாரி டைரக்டரிடம் திரும்பினார்.

"தென்னையைத் தெரிந்தவர்களை எதற்கு உட்கார வைத்தீர்கள்? இது டெல்லியில் காட்டுகிற படம்."

அவர் கேட்டுத்தான் அவர்களை உட்கார வைத்தோம் என்று யாரும் சொல்லவில்லை. டீ வந்தது. அதைக் குடித்துக்கொண்டே இரண்டு காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். ஒன்று படத்துக்கு, ஒன்று என் நிரந்தர வேலைக்கு.

திரும்பும் ஜீப்பில் டைரக்டர் என் பக்கம் சாய்ந்தார்.

"மூணாவது வயசிலயே குட்டை உடைச்சிட்டாரேம்மா உங்கப்பா" என்றார். "இன்னும் நாலு மரம் பொறுத்திருக்கக் கூடாதா?"

நான் காகிதத்தில் என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.