மலையில் இரைந்த டிவி

அக்காவை ஊட்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க். பிளாஸ்மா டிவி வந்த புதிதில் ஆசைப்பட்டு ஒன்று வாங்கினார். அன்றைக்கே மன்னார்குடிக்கு, எனக்கு போன் செய்தார். நான் அங்கே டிவி மெக்கானிக்.

"மாப்ள, படம் பிரமாதமா இருக்கு. ஆனா வண்டு மாதிரி ஒரு இரைச்சல் விடாம வருது. என்னன்னு வந்து பாருங்களேன்."

போனிலேயே விளக்கினேன். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பொடிப்பொடி அறைகள். அவற்றுக்குள் நியானும் செனானும் கலந்த வாயு. செனானைக் கூட்டினால் வெளிச்சம் கூடும், ஆனால் வோல்டேஜையும் கூட்ட வேண்டும். வாயுவை வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். நம் ஊரில் வெளிக்காற்று கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மலையில் காற்று லேசு. பிடி தளர்ந்து கண்ணாடி அதிரும்.

"செட்டுல கோளாறு இல்லீங்க அத்தான். நான் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்படியா," என்றார்.

அடுத்த மாதமும் கூப்பிட்டார். அதற்கடுத்த மாதமும். "இன்னைக்கு ரொம்ப இரையுது மாப்ள. ஒரு தடவை வந்துட்டுப் போங்க." ஒருநாள் கடையில் கூட்டம். "எத்தனை தடவைங்க சொல்றது?" என்று எரிந்து விழுந்தேன். அதன்பிறகு அவர் டிவி பற்றிப் பேசவே இல்லை.

மறுவருடம் ஆபீசிலேயே அத்தானுக்கு மாரடைப்பு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியை மூடக் காத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான்.

அக்கா குடவாசலுக்கே, அப்பா வீட்டுக்குத் திரும்பினாள். சம்பா நடவு சமயம். அப்பாவும் அம்மாவும் வயலில் இருந்தார்கள். லாரியில் வந்த டிவியைச் சுவரில் மாட்டி ஆன் செய்தேன். படம் வந்தது. இரைச்சல் இல்லை.

"பாத்தியாக்கா, காத்துதான் காரணம்னு அத்தான்கிட்ட அப்பவே சொன்னேன்," என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"அவருக்கு முதல் நாளே புரிஞ்சிருச்சுடா. நியான், செனான்னு எனக்கே பாடம் எடுத்தாரு," என்றாள் அக்கா. "நம்ம வீட்லேருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கலையேன்னு நான் அழுதுக்கிட்டே இருந்தேன். ரிப்பேர்னு கூப்பிட்டா நீயாவது வருவேன்னு நெனச்சாரு."

ரிமோட்டைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அக்கா தானே வந்து டிவியை அணைத்துவிட்டு, காபி போட உள்ளே போனாள்.

இப்போது வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை குடவாசல் போகிறேன். அக்காவோடு சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து, அவள் கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேதான் போகிறேன். இன்னும் கேட்கவில்லை.