கல்லீரல் கட்டியும் கண்ணாடி வளையலும்

வயிற்றில் கத்தி வைத்துப் பிழைக்கும் என்னைப் போன்ற பாவப்பட்டவர்களுக்கு இது தெரியும்: நோயாளி ஒருவர்தான், முடிவெடுக்க வருபவர்கள் ஒரு வேன் நிறைய.

ஈரல் யாருக்கு?

உசிலம்பட்டிப் பக்கத்து மலர்க்கொடிக்கு வெகுநாள் காத்திருந்து உண்டான முதல் பிள்ளை. நாலாம் மாத ஸ்கேனில் குழந்தை சுகம். ஆனால் கல்லீரலில் தேங்காய் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி. புழுவால் வந்தது. உடைந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அடுத்த மாதமே எடுத்துவிட வேண்டும் என்றேன்.

ஆடு வளர்க்கும் வீடு. அறுக்கும்போது கட்டி விழுந்த ஈரலை நாய்க்குப் போடுவார்களாம். அதிலிருந்து புழு நாய்க்கும், நாயின் கழிவிலிருந்து முட்டை நம் கைக்கும் வரும் என்று விளக்கினேன். கணவர் பாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க நாய் மணியச் சொல்லாதீங்க சார், வாரம் தவறாம கம்மாயில குளிப்பாட்டுறேன்."

தேதி

மாமியார் ஏழாம் மாதம் வளைகாப்பு முடியட்டும் என்றார். அதுவரை கட்டி காத்திருக்குமா என்று நான் கத்தியேவிட்டேன். அவர் அசரவில்லை, விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அஞ்சும் ஒத்தப்பட மாசந்தான தம்பி. ஞாயித்துக்கெழம வளையல், திங்கக்கெழம ஒங்க கத்தி."

தியேட்டர் வாசல்

திங்கட்கிழமை மலர்க்கொடி முழங்கை வரை கண்ணாடி வளையலோடு வந்தாள். பிரசவம் வரை கழற்றக் கூடாதாம். மயக்க டாக்டருக்கோ டிரிப் போட நரம்பு வேண்டும். இருந்த டென்ஷனில், "உடைச்சு எடுங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

மலர்க்கொடியின் முகம் வெளுத்துவிட்டது. புருஷன் செத்தவளுக்குச் செய்வது அது. மதுரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? வெட்கமாக இருந்தது. நர்ஸம்மா வளையல்களை மேலே தள்ளி, துணி சுற்றிக் கட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க போய்க் கையக் கழுவுங்க சார், இத நாங்க பாத்துக்கிறோம்."

துடிப்பு

சொட்டு நீர் சிந்தாமல் கட்டியை எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. முடிந்ததும் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவியை நானே வயிற்றில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் இல்லை. மூன்றாவது இடத்தில் தடதடவென்று கேட்டது.

மலர்க்கொடி அரைக்கண் திறந்து என்னைப் பார்த்தாள். "ஏன் சார் கை இம்புட்டு நடுங்குது? நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்."

நோயாளிக்குத் தைரியம் சொல்வது டாக்டரின் வேலை என்று கிளப்பிவிட்டவர் யாரோ, அவர் ஆபரேஷன் தியேட்டர் பக்கமே வந்திருக்க மாட்டார்.