தகவலாளி எண் மூன்று

மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே கலாதேவி ஏழு வருடமாக ஒப்பந்த விரிவுரையாளர். அனைத்துலக உறவுக் கோட்பாடு நடத்துகிறாள். நான் அதே துறையில் கிளார்க். பதினான்கு வாரப் பாடத்திட்டத்தை டைப் அடிப்பவள் நான்தான். அதில் வருகிற பெயர் அத்தனையும் ஐரோப்பா, அமெரிக்கா. உலகத்தைப் பற்றி யோசிக்கிற உரிமையை இவர்களுக்கு மட்டும் யார் எழுதிக்கொடுத்தது என்று எனக்கே எரியும்.

கலாவின் அப்பா அர்ச்சுனன், செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. தோட்டமும் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. எழுபத்தைந்து வயதிலும் கையில் இருப்பது குடியுரிமை இல்லாதவரின் சிவப்பு அடையாளக் கார்டு. சாப்பிடும்போது அடிக்கடி ஒன்று சொல்வார்.

"நா பொறந்தப்ப இந்த நாடே பொறக்கல. பின்னால வந்தது, முன்னால வந்தவன பாத்து நீ யாருன்னு கேக்குது லா."

நாடு முதலில், மக்கள் அப்புறம் என்கிற பாடப்புத்தகத்தை இந்த ஒரு பேச்சு கவிழ்த்துவிடுகிறது என்பது கலாவின் வாதம். ஒரே ஒரு வாரம் இதை நடத்த அனுமதி கேட்டாள். துறைத் தலைவர் பெரியநாயகம், நம்ம ஆள்தான், அது வீட்டுக்கதை, கோட்பாடு இல்லை என்று முடித்துவிட்டார்.

பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மேற்குலகைச் சேராத குரல்களைத் தேடுகிறாராம். பெரியநாயகமே ஓடி ஓடி ஏற்பாடு செய்தார். அர்ச்சுனன் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார், கலா மொழிபெயர்த்தாள். அடுத்த ஆண்டு கட்டுரை வந்தது. அப்பாவின் பேச்சு பேராசிரியர் பெயரில் கோட்பாடாகியிருந்தது. அதில் அப்பா வெறும் "தகவலாளி எண் மூன்று". ரப்பர் ஷீட்டாகக் கப்பலேறிப் போய் டயராகத் திரும்பி வந்த அதே வியாபாரம். பெரியநாயகம் கட்டுரையை ஒன்பதாம் வாரத்தில் சேர்க்கச் சொன்னார்.

"டாக்டர், இது எங்கப்பா சொன்னது. பேராவது போடச் சொல்லுங்க," என்றாள் கலா.

பெயரை மறைப்பது ஆய்வு நெறி, இதுகூடத் தெரியாதா என்றார் அவர். அந்தப் பேச்சைப் பேசியவரிடம், பெயரை மறைக்கட்டுமா என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. நெறியாம்.

அர்ச்சுனனுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. தன்னைப் பற்றி வெளிநாட்டில் அச்சாகியிருக்கிறது என்ற பெருமையில், கட்டுரையைப் பிளாஸ்டிக் ஃபைலில் பத்திரப்படுத்தியிருந்தார். அதில் பெயர் இல்லை என்று சொல்ல மகளுக்கு மனசு வரவில்லை.

போன மாதம் குடியுரிமைக்கு மறுபடி விண்ணப்பிக்க அப்பாவையும் மகளையும் என் காரில் பதிவு இலாகாவுக்குக் கூட்டிப்போனேன். இங்கே பிறந்ததற்கு எழுத்தில் ஏதாவது சான்று உண்டா என்று கவுண்டரில் இருந்த பெண் மலாய் மொழியில் மரியாதையாகத்தான் கேட்டாள். அர்ச்சுனன் ஃபைலைத் திறந்து கட்டுரையை நீட்டினார். அவள் பொறுமையாகப் புரட்டினாள். பிறந்த தோட்டம் இருந்தது, பிறந்த வருடம் இருந்தது. இதில் உங்கள் பெயர் எங்கே என்று கேட்டாள்.

அவர் சிரித்துக்கொண்டே மகள் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பக்கம்மா? காட்டு."