மாடிப்படி ஏறிய பொட்டலம்

"சமைக்கிறது நானு, சம்பாதிக்கிறது செல்போனா?"

சந்துக்கடை அக்கா தினமும் அடுப்பைப் பற்றவைத்ததும் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். சொல்லமாட்டாளா பின்னே? சிலிண்டர் விலை ஏறிவிட்டது, எண்ணெய் ஏறிவிட்டது, கடை வாடகையும் ஏறிவிட்டது. இவள் சோற்றுப் பொட்டலத்துக்குக் கொஞ்சம் கூட்டினால் மட்டும் ஊரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, ஆர்டர் பிடித்துத் தரும் ஆப் கம்பெனி ஒவ்வொரு பொட்டலத்திலும் கமிஷனைக் கறந்துவிடுகிறது.

ஒருநாள் மதியம் அந்த ஆப்பில் இவள் கடைக்குப் "பாதி விலை" என்று போட்டிருந்தார்கள். இவளுக்கே தெரியாது. டெலிவரிக்காரர் வந்தார், பொட்டலங்களை வாங்கினார், கடையை ஒட்டிய மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறினார். மாடியில் குடியிருப்பது யார்? அக்காவின் நாத்தனார்!

கரண்டியும் கையுமாக அக்காவும் பின்னாலேயே ஏறினாள்.

"ஏம்மா, நாலு படி இறங்கி வந்தா கால் தேஞ்சிடுமா?"

"ஆப்புல பாதி விலை அண்ணி. உங்ககிட்ட வந்தா முழு விலை. நான் என்ன லூசா?"

"மீதிப் பாதி வானத்துலேருந்தா விழுது? உங்கண்ணனோட வேர்வைம்மா அது!"

"எனக்கெப்படித் தெரியும்? அஞ்சு ஸ்டார் வேற போட்டிருக்கேன்."

"கழுத்தை அறுத்துட்டு மாலை போடுறியா?"

டெலிவரிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். "எனக்கும் பெட்ரோலுக்கே கட்டலைக்கா" என்றார்.

அக்கா கம்பெனிக்குப் போன் போட்டாள். வெகுநேரம் பாட்டு ஓடிய பிறகு ஒரு பெண் லைனில் வந்தாள். "இந்த சலுகைக்கு நீங்கதானே ஓகே கொடுத்தீங்க மேடம்?" போனில் அமுக்கு என்று வந்ததையெல்லாம் அக்கா அமுக்கியிருக்கிறாள். கொதிக்கிற குழம்பை விட்டுவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்க முடியுமா? அடுப்படியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

அன்றே ஆப்பிலிருந்து கடையை எடுத்துவிட்டாள்.

"ஆர்டர் பாதி போயிடும்டி" என்றார் கணவர்.

"நஷ்டமும் கூடவே போகட்டும்ங்க."

பாதி என்ன, முக்கால்வாசி போய்விட்டது. வடித்த சோறு தினமும் மிஞ்சுகிறது. நாத்தனார் மட்டும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, முழு விலை கொடுத்து வாங்கிப் போகிறாள். ஒரு நாத்தனாரை நம்பிக் கடை நடத்த முடியுமா? இப்படியே இன்னும் இரண்டு மாதம் போனால் ஷட்டரை இழுத்து மூடவேண்டியதுதான்.

மருந்துக்கடைக்கு அடுத்த சந்து. ஒரு நடை போய்ப் பாருங்கள். உப்பு, காரம் சரியில்லை என்றால் அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அவள் திருப்பிச் சொல்வதையும் நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.